சனிக்கிழமைச் செயலமர்வுக்கு நான் வரப்போவதில்லை: வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

ஐயா,

கணித ஆசிரியர் ஒருவரைத் தாருங்கள் என்று எங்கள் அதிபர் உங்கள் பணிமனைக்கு மூன்று கடிதங்கள் அனுப்பினார். முதல் கடிதம் போய் ஏழு வாரங்களாகின்றன. போன புதன்கிழமை உங்கள் பணிமனை முத்திரையோடு ஓர் உறை வந்தது. ஆசிரியர் அறையில் எல்லோரும் பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தோம். உள்ளே இருந்தது ஒரு செயலமர்வுக்கான அழைப்பு. தலைப்பு, ‘சவால்மிக்க காலத்தில் நம்பிக்கையோடு கற்பித்தல்’. சனிக்கிழமை காலை எட்டரை முதல் பிற்பகல் மூன்றரை வரை. சமுகமளிப்பது கட்டாயம். வராதவர்கள் அதிபர் ஊடாக எழுத்தில் காரணம் தெரிவிக்க வேண்டும்.

காரணத்தை எழுத உட்கார்ந்தேன். படிவத்தில் அதற்கு இரண்டு வரிதான் இடம் விட்டிருந்தார்கள். அதனால் இந்த மடல்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தாபனக் கோவையை நானும் வாசித்திருக்கிறேன். அரசாங்க ஊழியர் பகிரங்கமாக எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அதனால் பாடசாலையின் பெயரோ வலயத்தின் பெயரோ உங்கள் பெயரோ என் பெயரோ இதில் இருக்காது. உங்களுக்கு எது எந்தப் பாடசாலை என்று புரியும். புரியாவிட்டால், அதாவது இதே நிலையில் உள்ள பாடசாலைகள் இத்தனை இருப்பதால் எது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், அது இன்னும் பெரிய பிரச்சினை.

நான் தமிழ் ஆசிரியை. 2007இல் சேவைக்கு வந்தேன். வெள்ளவத்தையில் 155 பஸ் ஏறி, நகரத்தின் மறுமுனைக்கு வந்து இறங்குகிறேன். எங்கள் பிள்ளைகள் வடகொழும்பின் தோட்டங்களிலிருந்தும் தொடர்மாடிகளிலிருந்தும் வருகிறார்கள். தோட்டம் என்றால் இங்கே நெருக்கமான சிறு வீடுகளின் குடியிருப்பு, தேயிலைத் தோட்டம் அல்ல என்பது கொழும்பில் இருப்பவருக்கு விளக்க வேண்டியதில்லை. பலருடைய தகப்பன்மார் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை. சிலர் ஓட்டோ ஓட்டுகிறார்கள். தாய் வெளிநாட்டில், பாட்டியோடு வீட்டில் என்ற பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து பேராவது உண்டு. வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கமிருந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த மடல் பதினோராம் தரத்தின் 38 பிள்ளைகளைப் பற்றியது. இவர்கள் வந்த வழியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோவைகளில் இந்தத் தகவல் எல்லாம் துண்டு துண்டாகக் கிடக்கும். ஒரே பிள்ளையின் வாழ்க்கையாக யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

2020 மார்ச்சில் கொவிட்டுக்காகப் பாடசாலைகளை மூடியபோது இவர்கள் ஐந்தாம் தரம். ஓகஸ்ட்டில் எழுதவேண்டிய புலமைப்பரிசில் பரீட்சையை ஒக்டோபரில் எழுதினார்கள். ஆறாம் தரத்தில் புதிய பாடசாலை, புதிய சீருடை. ஆனால் வகுப்பு போனில். வீட்டில் ஒரே போன், அதைத் தகப்பன் வேலைக்குக் கொண்டு போய்விடுவார். இரவு எட்டு மணிக்குத்தான் பாடம் வட்ஸ்அப்பில் திறக்கும். அந்த வருடம், அதாவது 2021இல், ஜூலை முதல் ஒக்டோபர் வரை சம்பள முரண்பாட்டுக்கு எதிராக ஆசிரியர்கள் ஒன்லைன் கற்பித்தலை நிறுத்தினோம். ஆம், நானும் நிறுத்தினேன். கோரிக்கை நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த மாதங்களில் பாடம் கிடைக்காமல் இருந்தது இந்தப் பிள்ளைகளுக்குத்தான். அதை மறைத்துவிட்டு உங்களிடம் கணக்குக் கேட்க எனக்கு வாய் வராது.

பிறகு 2022 மார்ச். இவர்கள் ஆறாம் தரத்தை முடிக்கிற நேரம், கடைசித் தவணைப் பரீட்சைக் காலம். வினாத்தாள் அச்சடிக்கக் கடதாசியும் மையும் இல்லையென்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளை ஒத்திவைத்தார்கள். பரீட்சை இல்லை என்றால் துள்ளிக் குதிக்கிற வயது. ஆனால் அன்று ஒரு பிள்ளை என்னிடம், “கடதாசி இல்லாட்டி நாங்க கொப்பியில கிழிச்சுத் தரட்டுமா டீச்சர்?” என்று கேட்டது. அந்த மாதக் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. ஜூன், ஜூலையில் பெற்றோல், டீசல் இல்லாமல் பாடசாலை மறுபடியும் மூடல். அதற்கப்புறம் இரண்டு மூன்று வருடங்கள் கல்வியாண்டு எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதே ஆளுக்கொரு கணக்காக இருந்தது. ஏப்ரலில் தொடங்கிய வருடமும் உண்டு, மார்ச்சில் தொடங்கியதும் உண்டு. கடைசியாக 2025 நவம்பர் முடிவில் டித்வா புயல். களனி ஆறு பெருகி வெல்லம்பிட்டிப் பிள்ளைகளின் வீட்டுக்குள் வந்தது. பத்தாம் தரக் கொப்பிகள் எல்லாம் சேறு. ஒரு பிள்ளை கணிதக் கொப்பியை மட்டும் அலுமாரிக்கு மேலே வைத்துக் காப்பாற்றியிருந்தது. ஏன் அதை மட்டும் என்று கேட்டேன். “மத்தது புத்தகத்தில இருக்கு டீச்சர், இது எங்க டீச்சர் எழுதித் தந்தது” என்றது.

அந்த ‘எங்க டீச்சர்’ஐத்தான் ஏழு வாரங்களுக்கு முன் ‘உடன் அமுலுக்கு வரும் வகையில்’ வேறொரு பாடசாலைக்கு இடமாற்றினீர்கள்.

அவரைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன், அவருக்கே கூச்சமாக இருக்கும். ஆனால் பதினோராம் தர வகுப்பின் பின்சுவரில் அவர் ஒட்டிவிட்டுப் போன ஓர் அட்டவணை இருக்கிறது. அதைச் சொல்லியாக வேண்டும்.

பதினோராம் தரம் முடிய எழுதும் சாதாரண தரப் பரீட்சையில், கணித வினாத்தாளின் முதற் பத்திரத்தில், ஏ பகுதியில் 25 குறுவினாக்கள் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்றுக்கு இரண்டு புள்ளி. கணிதம் என்றாலே தலையைக் குனிந்துகொள்கிற பிள்ளையையும் அந்த 25 வினாக்களைப் பிடித்துக் கரையேற்றிவிடலாம் என்பது எங்கள் ஆசிரியையின் கட்சி. கடந்தகால வினாத்தாள்களை எல்லாம் பிரித்து, வினாக்களை வகைப்படுத்தினார். சதவீதம், சுட்டி, காரணி, கோணம், தொடை, நிகழ்தகவு என்று 25 வகை. ஒரு பெரிய பிரிஸ்டல் போர்ட்டில் 38 பெயர், பெயருக்கு நேரே 25 கட்டம். ஒரு வகை வினாவை உதவியில்லாமல் மூன்று தரம் சரியாகச் செய்த பிள்ளை, எழுந்துபோய்த் தன் கட்டத்தில் நிறம் தீட்டலாம். நிறம் அவரவர் விருப்பம். மதிய இடைவேளையில் பந்தடிக்கப் போகாமல் நிறப் பென்சிலோடு அந்தச் சுவரடியில் நின்ற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். பத்தொன்பது வருடச் சேவையில் வேறெங்கும் பார்க்காத காட்சி அது.

அவர் போன அன்று அட்டவணை ஏறத்தாழப் பாதி நிறைந்திருந்தது.

போன பிறகு நடந்தது நீங்கள் ஊகிக்கக்கூடியதுதான். வாரத்தில் ஐந்து கணிதப் பாடவேளை ஐந்தும் ரிலீப் ஆனது. சித்திர ஆசிரியர் ஒருநாள், உடற்கல்வி ஆசிரியர் ஒருநாள், நூலகப் பொறுப்பாசிரியை ஒருநாள். சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்களுடைய வேலை. ஆறு முதல் ஒன்பது வரை கணிதம் எடுப்பவர் ஓர் அபிவிருத்தி உத்தியோகத்தர், அதாவது ஆசிரியராக நியமனம் பெறாத பட்டதாரி அரச ஊழியர். அவர் பட்டம் பெற்றது வேறு பாடத்தில். அவர் பாவம், இரவிரவாக வீடியோ பார்த்துப் படித்துக்கொண்டு வந்து ஒன்பதாம் தரத்துக்குக் கற்பிக்கிறார். பதினொன்றையும் எடுங்கள் என்று கேட்டபோது அழுதேவிட்டார். நான் அவரைக் குறைசொல்லவில்லை. அவரை அந்த இடத்தில் நிறுத்தியது யார் என்பதுதான் கேள்வி.

முதல் வாரம் பிள்ளைகள் தினமும் கேட்டார்கள், “இன்னைக்கும் கணக்கு இல்லையா டீச்சர்?” இரண்டாம் வாரம் சிலர் கேட்டார்கள். மூன்றாம் வாரம் யாரும் கேட்கவில்லை. அந்த மூன்றாம் வாரம்தான் எனக்குப் பயம் வந்தது.

அப்புறம் ஒருநாள் தமிழ்ப் பாடம் முடிந்து போகும்போது அந்த அட்டவணையைப் பார்த்தேன். ஒரு பெண்பிள்ளையின் பெயருக்கு நேரே நாலைந்து கட்டங்களில் சாதாரணப் பென்சிலால் மிக மெல்லிசாகச் சாம்பல் தீட்டியிருந்தது. இது என்ன நிறம் பிள்ளை என்று கேட்டேன். “நானே செஞ்சு பார்த்தேன் டீச்சர். சரியான்னு தெரியல. டீச்சர் வந்து பார்த்தா மேல கலர் அடிப்பேன், பிழைன்னா அழிச்சிடுவேன்.”

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து நான் காலை ஆறே முக்காலுக்குப் பாடசாலைக்கு வருகிறேன். ஏழரை மணிக்கு மணியடிக்கும் வரை முக்கால் மணித்தியாலம். நான் சாதாரண தரத்தில் கணிதத்துக்கு எடுத்தது வெறும் ‘எஸ்’, ஆகக் குறைந்த சித்தி. அதையும் என் அம்மா கோயிலில் நேர்த்தி வைத்து எடுத்தது என்று வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனாலும் விடைத்தாளைப் பார்த்துச் சரி பிழை போடலாம் அல்லவா? முதல் நாள் ஆறு பேர் வந்தார்கள். இப்போது இருபதுக்குக் குறையாமல் வருகிறார்கள். சிலர் சாப்பிடாமல் வருவதால் சங்கீத ஆசிரியை பனிஸ் வாங்கி வருகிறார். காசு யாருடையது என்று நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

அந்த வகுப்பில் ஒரு பையன். தகப்பன் நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை இறக்குகிறவர். மாலையில் தகப்பனோடு போய் மூட்டைக் கணக்கு எழுதுவது இவன் வேலை. விகித வினாவை எப்போதும் வெறுமையாகவே விடுவான். 3,600 ரூபாவை 3:4:5 என்ற விகிதத்தில் மூவருக்குப் பிரிக்க என்று ஒரு வினா. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “இது நாட்டாமை மூணு பேருக்குக் கூலி பிரிக்கிறதா டீச்சர்?” என்றான். அப்படி வைத்துக்கொள் என்றேன். பேனையை எடுக்கவில்லை. “வயசான ஆளுக்குத் தொளாயிரம், அடுத்த ஆளுக்கு ஆயிரத்தி இருநூறு, மத்தவருக்கு ஆயிரத்தி ஐந்நூறு.” சரி. பதினாறு வயதுப் பையன், மனதுக்குள்ளேயே. இவ்வளவு நாளும் இவன் கணிதத்தில் 12 புள்ளி. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருந்தால், ஐயா, நம்பிக்கையைப் பற்றிச் செயலமர்வு வைக்க நீங்கள் யாரையும் காசு கொடுத்துக் கூப்பிட்டிருக்கமாட்டீர்கள்.

ஆனால் இதோடு என் சரக்குத் தீர்ந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். நான் தமிழ் ஆசிரியை. நாண் என்ற சொல்லைக் கொடுத்தால் வில்லின் நாண், வெட்கம் என்ற நாண் என்று அரை மணித்தியாலம் பேசுவேன். வட்டத்தின் நாணுக்கு மையத்திலிருந்து செங்குத்து வரைந்தால் அது ஏன் நாணைச் சரிபாதியாக வெட்டுகிறது என்று அந்தப் பென்சில்காரப் பிள்ளை கேட்டபோது, “அப்படித்தான் தேற்றத்தில் இருக்கிறது” என்றேன். அது என்னை ஒரு பார்வை பார்த்தது. நானே வகுப்பில் எந்தப் பிள்ளையிடமும் ஏற்றுக்கொள்ளாத பதில் அது. மடக்கை வந்தது, ஒழுக்கு வந்தது, தொடலி வந்தது. இரண்டாம் பத்திரத்தின் பக்கம் நாங்கள் போவதே இல்லை. மூன்று மணித்தியாலம், பத்து வினா. அதை ‘எஸ்’காரி ஒருத்தி கற்பிக்க முடியாது. கற்பித்தால் அது பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம்.

இந்த இடத்தில் உங்கள் பணிமனையிலிருந்து தொலைபேசியில் கிடைத்த விளக்கத்தையும் எழுதிவிடுகிறேன். தமிழ்மொழி மூலக் கணித ஆசிரியருக்கு எல்லா இடத்திலும் பற்றாக்குறை. இடமாற்றப்பட்ட பாடசாலையிலும் பதினோராம் தரத்துக்கு ஆள் இல்லை. மிகவும் தேவையான இடத்துக்கு அனுப்பினோம். நீங்களே சமாளித்துக்கொள்ளுங்கள். நம்பிக்கையோடு இருங்கள்.

பற்றாக்குறை என்பதை நான் மறுக்கவில்லை. 2022இல், அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று சுற்றுநிருபம் வந்தபோது, எங்கள் ஆசிரியர் அறையில் இரண்டு கதிரைகள் காலியாகின. ஒன்று விஞ்ஞானம், ஒன்று ஆங்கிலம். போனவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்த வருடம் சம்பளம் மாதத்தின் பாதிக்கே போதவில்லை. அந்தப் புதிய பாடசாலையிலும் இருப்பது பிள்ளைகள்தான். அவர்களிடமிருந்து பறித்து எங்களுக்குத் தாருங்கள் என்று நான் கேட்டால், நீங்கள் எங்களுக்குச் செய்ததை நான் அவர்களுக்குச் செய்ததாகும். நான் கேட்பது வேறு. பரீட்சைக்குச் சில மாதங்களே இருக்கும்போது, இரண்டு பாடசாலைக்கும் ஒருவரைப் பகிர்ந்து கொடுக்க முடியுமா என்று யாராவது ஐந்து நிமிடம் யோசித்தார்களா? இரண்டு பாடசாலைக்கும் இடையே ஓட்டோவில் இருபது நிமிடம். அந்த ஐந்து நிமிட யோசனையின் இடத்தில்தான் எங்களுக்கு ஒரு முழுநாள் செயலமர்வு கிடைத்திருக்கிறது.

செயலமர்வைப் பற்றி முன்முடிவோடு பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன் இதே போல ஒன்றுக்குப் போயிருக்கிறேன். ஊக்கப் பேச்சாளர் ஒருவர் வந்தார். கண்ணை மூடிக் கடற்கரையில் நடப்பதாக நினைக்கச் சொன்னார். நான் தினமும் கடல்பக்கம் குடியிருப்பவள், எனக்கு நினைவு வந்தது காலிவீதி நெரிசல்தான். பிறகு ஒரு தாளில் எங்கள் கவலைகளை எழுதிக் கசக்கி ஒரு வாளிக்குள் போடச் சொன்னார். அறுபது ஆசிரியர்களின் கவலை நிரம்பிய வாளியைச் சாப்பாட்டு நேரத்தில் மண்டபச் சிற்றூழியர் குப்பையில் கொட்டினார். யாரும் ஒன்றைக்கூட விரித்துப் பார்க்கவில்லை. பகல் சாப்பாட்டுப் பார்சல் நல்லது, அதை மறுக்கமாட்டேன். அந்த வாளியை வலயத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு தாளாக விரித்து வாசித்திருந்தால், அறுபது பாடசாலைகளின் வெற்றிடப் பட்டியல் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்திருக்கும்.

இன்னொன்று. இடமாற்றக் கடிதமும் செயலமர்வு அழைப்பும் சிங்களத்தில் மட்டுமே வந்தன. அழைப்பின் கடைசி வரியில் ‘தமிழ்மொழி மூல ஆசிரியர்களுக்குச் சுருக்கம் வழங்கப்படும்’ என்று இருந்தது. அந்த வரியும் சிங்களத்தில்தான் இருந்தது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும், கொழும்பில் பிறந்து வளர்ந்தவள். தலவாக்கலையிலிருந்து நியமனம் பெற்று வந்த இளம் ஆசிரியைக்குத் தெரியாது. தன் வேலை சம்பந்தமான கடிதத்தை அவர் போனில் படமெடுத்து யார் யாருக்கோ அனுப்பி அர்த்தம் கேட்கிறார். 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. அதற்கும் இப்போது வயது நாற்பதை நெருங்குகிறது. ஒரு தமிழ்ப் பாடசாலைக்கு, தமிழ்மொழி மூல ஆசிரியரின் இடமாற்றத்தைப் பற்றி, தமிழில் ஒரு பக்கம் எழுத அது போதாதா? நம்பிக்கை தருகிற செய்தியைக்கூட மொழிபெயர்த்துத்தான் கேட்க வேண்டும் என்றால், அந்த நம்பிக்கை எங்களுக்கு என்று அனுப்பப்பட்டது இல்லை.

நான் மனந்தளர்ந்து போய் இதை எழுதுவதாக உங்கள் பணிமனையில் யாராவது சொல்லக்கூடும். அப்படியென்றால் அந்தச் செயலமர்வு எனக்குத்தான் முதலில் தேவை என்றும் சொல்லலாம். விடியற்காலை பஸ்ஸில் தூங்கிவழிகிற நேரம், ‘எதற்கு இதெல்லாம்’ என்று எனக்கும் தோன்றுகிறது. பொய் சொல்லமாட்டேன். ஆனால் என் நம்பிக்கை எதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பின்சுவரில் இருக்கிற சாம்பல் நிறக் கட்டங்களில் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை எண்ணினேன், ஏழு பெயர்களுக்கு நேரே பென்சில் தீட்டல். முதலில் தீட்டிய பிள்ளையைப் பார்த்து மற்றவர்களும் தொடங்கியிருக்கிறார்கள். யாராவது வந்து பார்த்துச் சரி சொல்வார்கள் என்று இந்தப் பிள்ளைகள் இன்னும் நம்புகிறார்கள். வினாத்தாளை ஒத்திவைத்த நாடு, வீட்டுக்குள் வெள்ளம் வந்த வருடம், ஆசிரியையைத் தூக்கிக்கொண்டு போன கடிதம், இவ்வளவுக்கும் பிறகு. அதைக் காப்பாற்ற என்னால் முடிந்தது விடிகாலை முக்கால் மணித்தியாலம். மிச்சம் உங்கள் கையில் இருக்கிறது, உங்கள் கையொப்பத்தில்.

நீங்களும் வகுப்பறையிலிருந்து வந்தவர். கணிதத்தில் சித்தியில்லாத பெறுபேற்றுத் தாளோடு இந்தப் பிள்ளைகள் எங்கே போனாலும், ஒரு கடையில் காசாளர் வேலைக்குப் போனாலும்கூட, முதலில் விரலை வைத்துப் பார்க்கிற வரி அதுதான் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் ஏ எடுத்த என் பிள்ளைகள் அந்த ஒரு வரியால் வீட்டில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலில் ஒரு சதவீதமாக அவர்கள் உங்களிடம் வருகிறார்கள். எனக்கு அவர்கள் சந்தைக்குப் போகும் வழியில் எதிரே வருகிறார்கள், டீச்சர் என்று கூப்பிட்டுவிட்டுக் கண்ணைப் பார்க்காமல் போகிறார்கள்.

ஆகவே, நான் கேட்பது.

எங்கள் கணித ஆசிரியையை, சாதாரண தரப் பரீட்சை முடியும் வரை, வாரத்தில் இரண்டு நாள் எங்கள் பாடசாலைக்குத் தற்காலிகமாக இணையுங்கள். மற்ற மூன்று நாளும் அவர் புதிய பாடசாலையில் இருக்கட்டும். இரண்டு அதிபர்களும் நேரசூசியை மாற்றச் சம்மதிப்பார்கள் என்று நான் கேட்டறிந்துகொண்டேன். அவரும் சம்மதம் சொல்லியிருக்கிறார். வேண்டியது உங்கள் கடிதம் மட்டும். அதற்குப் புதிய நியமனமோ அமைச்சின் அனுமதியோ மேலதிகச் சம்பளமோ தேவையில்லை. ஓட்டோக் காசை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

பரீட்சை வகுப்பு எடுக்கும் எவரையும், பதிலாள் வந்து பொறுப்பேற்கும் முன், வருடத்தின் நடுவில் விடுவிக்கமாட்டோம் என்று எழுத்தில் தாருங்கள். எங்கள் பாடசாலைக்கு மட்டும் இல்லை, வலயம் முழுவதற்கும்.

அந்த அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு, கணிதம் கற்பிக்கத்தான் போகிறார் என்றால், கணிதம் கற்பிக்கப் பயிற்சி கொடுங்கள். சனிக்கிழமைகளை அதற்குப் பயன்படுத்துங்கள், நானே அவரோடு வந்து பின்வரிசை வாங்கில் உட்காருகிறேன்.

தமிழ்ப் பாடசாலைக்கு வரும் கடிதங்கள் தமிழிலும் வரட்டும். சுருக்கம் வேண்டாம், முழுமையாக.

வலயத்தில் தமிழ்மொழி மூலக் கணித, விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடம் எத்தனை, எந்தப் பாடசாலையில் எத்தனை நாளாக என்ற விபரத்தை வெளியிடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதற்கான விண்ணப்பத்தை ஒரு பெற்றோர் இந்த வாரம் உங்கள் தகவல் அலுவலரிடம் கையளிக்கிறார். சட்டப்படி 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு முன்பே நீங்களாகச் சொல்லிவிட்டால் நல்லது.

செயலமர்வுக்கு நான் வரவில்லை. அதற்கான ஒழுக்காற்று நடவடிக்கை எதுவானாலும் ஏற்கிறேன். சனிக்கிழமை எட்டரை மணிக்கு நான் பதினோராம் தர வகுப்பில் இருப்பேன், பெற்றோரின் சம்மதக் கடிதங்களை அதிபரிடம் கொடுத்துவிட்டேன். கணிதப் பட்டதாரி ஒருவர், எங்கள் பழைய மாணவர், இந்த ஒருநாள் மட்டும் வந்து இரண்டாம் பத்திரம் செய்து காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். நீங்களும் ஒரு மணித்தியாலம் வந்து உட்காருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பின்சுவர்ப் பக்கத்து வாங்கில் இடம் வைத்திருப்போம். சனிக்கிழமை முன் கேற்றில் காவலாளி இருப்பதில்லை, பின் கேற்றால் வாருங்கள், திறந்திருக்கும்.

இப்படிக்கு,
தமிழ் ஆசிரியை ஒருவர்,
கொழும்பு.